கரண்ட் சைக்கிள் நின்றுபோனால் எங்கே பார்ப்பது?

போன கார்த்திகையில் ஒரு காலை. வட சென்னையில், தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் பக்கம் என் கரண்ட் சைக்கிளில் வேலைக்குப் போகிற வழி. எர்ணாவூர் மேம்பாலத்தில் பாதி ஏறியிருப்பேன், மோட்டார் நின்றுவிட்டது. டிஸ்ப்ளே எரிகிறது. பேட்டரியில் நான்கு கட்டம் காட்டுகிறது. மிதித்தால் வெறும் சைக்கிள்தான் ஓடுகிறது, அதுவும் 22 கிலோ எடையுள்ள வெறும் சைக்கிள். பின்னால் கன்டெய்னர் லாரி ஹாரன் மேல் ஹாரன். இறங்கித் தள்ளிக்கொண்டே பாலத்தைக் கடந்தேன்.

சாயங்காலம் ஒரு கடையில் காட்டினேன். வண்டியை ஸ்டாண்டில்கூட ஏற்றாமல், "கன்ட்ரோலர் போயிடுச்சு சார், 6,000 ஆகும்" என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். மறுநாள் பின்சக்கரத்துக்குக் காற்றடிக்க எங்கள் தெரு சைக்கிள் கடை அண்ணனிடம் நிறுத்தியபோது கதையைச் சொன்னேன். "கரண்டு சமாச்சாரம்லாம் எனக்குத் தெரியாது கண்ணு" என்றபடியே வலது பிரேக் லீவரைப் பிடித்து அழுத்திவிட்டார். "அது இருக்கட்டும், இது இன்னா முழுசா திரும்ப மாட்டேங்குது?"

விஷயம் அவ்வளவுதான். உப்பும் தூசியும் சேர்ந்து லீவரின் அச்சாணியில் இறுகி, அது ஒரு நூலளவு உள்ளேயே நின்றிருந்தது. லீவருக்குள் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. பிரேக் பிடித்தால் மோட்டாரை நிறுத்தச் சொல்வது அதன் வேலை. நான் பிரேக்கைத் தொடாமலேயே அது 'பிடித்திருக்கிறார், பிடித்திருக்கிறார்' என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. அச்சாணியைத் துடைத்து இரண்டு சொட்டு எண்ணெய் விட்டதும் மோட்டார் ஓடியது. காற்றுக்கு மட்டும் காசு வாங்கினார்.

புதிதாக மின்சார மவுன்டன் பைக் வாங்கியவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியதும் இந்த லீவர் விஷயத்தைத்தான். மோட்டார் ஓடவில்லை என்றால் மோட்டார் கெட்டுவிட்டது என்று பொருளில்லை. யாரோ அதை ஓட வேண்டாம் என்று தடுக்கிறார்கள். அது யார் என்று கண்டுபிடிப்பதுதான் பழுது பார்ப்பது. (மலையே இல்லாத வட சென்னையில் மவுன்டன் பைக் எதற்கு என்று கேட்பவர்கள், மழைக்கு அப்புறம் மணலி பக்கம் கன்டெய்னர் லாரி ஓடும் சாலையில் ஒருமுறை போய் வரலாம்.)

மாடி டேங்கும் வால்வும்

வீட்டு மாடியில் இருக்கும் தண்ணீர் டேங்கை நினைத்துக்கொள்ளுங்கள். பேட்டரிதான் டேங்க். மோட்டார் கீழே இருக்கும் குழாய். நடுவில் ஒரு வால்வு, அதுதான் கன்ட்ரோலர். இந்த வால்வு தானாகத் திறக்காது, நான்கு பேரைக் கேட்டுவிட்டுத்தான் திறக்கும். 'மிதிக்கிறார்' என்று பெடல் சென்சார் சொல்ல வேண்டும். 'பிரேக் பிடிக்கவில்லை' என்று பிரேக் சுவிட்ச் சொல்ல வேண்டும். 'வேகம் வரம்புக்குள் இருக்கிறது' என்று வேக சென்சார் சொல்ல வேண்டும். 'செல்களில் சார்ஜ் இருக்கிறது, சூடு அதிகமில்லை' என்று பேட்டரிக்குள் இருக்கும் பி.எம்.எஸ். என்ற காவல் பலகை சொல்ல வேண்டும். நால்வரில் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் வால்வு மூடிவிடும்.

வண்டியில் ஓடும் வயர்களும் இதேபோல இரண்டு சாதி. தடித்த வயர்கள் சக்தியைக் கொண்டுபோகும், மெல்லியவை சேதியைக் கொண்டுபோகும். நான் பார்த்தவரையில் தொல்லை பெரும்பாலும் மெல்லிய வயர்களிலும் அவை சேரும் பிளக்குகளிலும்தான். விலை அதிகமுள்ள பொருள்கள் கடைசியில்தான் சாகும். ஆனால் பல கடைகளில் சோதனை அங்கேதான் தொடங்குகிறது.

மோட்டாரிலும் இரண்டு வகை. சக்கரத்தின் நடுவில் பருத்த டப்பா மாதிரி இருந்தால் ஹப் மோட்டார். பெடல் அச்சைச் சுற்றி இருந்தால் மிட் டிரைவ். நம் ஊரில் அதிகம் கண்ணில் படுவது பின்சக்கர ஹப் மோட்டார். சட்டப்படி 250 வாட்டுக்குள்ளும் 25 கிலோமீட்டர் வேகத்துக்குள்ளும் இருந்தால் பதிவு எண்ணும் லைசென்ஸும் தேவையில்லை. 25-ஐத் தொட்டதும் மோட்டார் விட்டுவிடுவதைப் பழுது என்று நினைத்துக் கடைக்கு ஓடாதீர்கள். இந்த வரம்பை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், கன்ட்ரோலருக்கு உண்மையிலேயே 6,000 ரூபாய் செலவு வைக்கும் வழி அது.

சரி, வண்டி நின்றுவிட்டது. முதல் வேலை, கரண்ட்டை அணைத்துவிட்டு வெறும் சைக்கிளாக மிதித்துப் பாருங்கள். இறுக்கமாக இருக்கிறதா, எங்காவது உரசுகிறதா, செயின் தாவுகிறதா? அப்படியென்றால் அது சைக்கிள் பழுது. வயரைத் தொடவே வேண்டாம். வழுக்கிக்கொண்டு ஓடினால் மட்டும் கரண்ட் பக்கம் வாருங்கள்.

டிஸ்ப்ளே எரிகிறதா? எரியவில்லை என்றால் டேங்கிலிருந்தே தண்ணீர் வரவில்லை என்று அர்த்தம். பேட்டரியின் பக்கவாட்டில் இருக்கும் பட்டனை அழுத்தினால் விளக்குகள் எரிய வேண்டும். பேட்டரிக்கென்று சாவியோ தனி சுவிட்சோ இருந்தால் அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள். பிறகு பேட்டரியைக் கழற்றி, அது உட்காரும் தொட்டிலில் இருக்கும் பித்தளைத் தகடுகளைப் பாருங்கள். பள்ளத்தில் விழுந்து எழுந்து ஆடியாடி, தொடும் இடத்தில் பொறி பறந்து கருத்திருக்கும். துடைத்து, பேட்டரியை 'க்ளிக்' என்ற சத்தம் வரும்வரை அழுத்தி உட்காரவைத்தாலே பாதி வண்டிகள் உயிர்பெற்றுவிடும். நெடுநாள் ஓட்டாமல் வைத்த பேட்டரி தூங்கியும் போயிருக்கலாம். சார்ஜரைச் சொருகினால் விழித்துக்கொள்ளும்.

டிஸ்ப்ளே எரிகிறது, மோட்டார் மட்டும் ஓடவில்லை என்றால் முதலில் உதவி அளவு (மோட்டார் எவ்வளவு உதவ வேண்டும் என்று டிஸ்ப்ளேயில் வைக்கும் எண்) பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், நானே இதில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இழந்திருக்கிறேன். அடுத்து பிரேக் லீவர்கள். இரண்டும் முழுக்கத் திரும்பி வருகின்றனவா? சந்தேகம் இருந்தால் பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, கரண்ட்டை அணைத்து, லீவரிலிருந்து வரும் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு மறுபடி ஓடவிட்டுப் பாருங்கள். பல வண்டிகளில் இந்த பிளக் சிவப்பாக இருக்கும். பெரும்பாலான லீவர்களில் சுவிட்சின் பேச்சு கன்ட்ரோலருக்குக் கேட்காவிட்டால் 'பிரேக் பிடிக்கவில்லை' என்றே அது எடுத்துக்கொள்ளும். எதைக் கழற்றினால் மோட்டார் ஓடுகிறதோ அதுதான் திருடன். சோதனை முடிந்ததும் திரும்ப மாட்டிவிட வேண்டும். அந்த சுவிட்ச் இல்லாமல் லாரிகளுக்கு நடுவே போவது நல்லதல்ல.

பிரேக் சரி என்றால் பெடல் சென்சார். பெடல் மாட்டியிருக்கும் கையான கிராங்குக்குப் பின்னால் காந்தங்கள் பதித்த ஒரு வட்டத் தட்டு பெடலோடு சேர்ந்து சுற்றும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி சென்சார் உட்கார்ந்து, காந்தம் கடக்கும்போதெல்லாம் ஒரு துடிப்பு அனுப்பும். ஒருமுறை என் வண்டியில் அந்தத் தட்டைக் குனிந்து பார்த்தபோது ஒவ்வொரு காந்தத்துக்கும் மீசை முளைத்திருந்தது. அத்தனையும் இரும்புத்தூள். பட்டறைகளும் பழைய இரும்புக் கடைகளும் நிறைந்த தெருக்களில் ஓட்டினால் வேறெப்படி இருக்கும்? பிசுபிசுக்கும் இன்சுலேஷன் டேப்பால் ஒற்றி எடுத்தேன். விட்டுவிட்டு இழுத்துக்கொண்டிருந்த மோட்டார் சீரானது. தட்டு நழுவி சென்சாரிலிருந்து விலகியிருந்தாலும் இதே தொல்லை வரும். மிட் டிரைவ் வண்டியென்றால் பின்சக்கரக் கம்பியில் மாட்டியிருக்கும் சின்னக் காந்தத்தையும் பாருங்கள். அது திரும்பிக்கொண்டால் கொஞ்ச தூரம் உதவி கொடுத்துவிட்டு மோட்டார் நின்றுவிடும். மிதிக்கும் அழுத்தத்தை அளக்கும் சென்சார் உள்ள வண்டியில் இன்னொரு பழக்கம் வேண்டும். பெடல் மேல் காலை வைத்துக்கொண்டு ஆன் பண்ணக் கூடாது. உங்கள் கால் எடையையே அது பூஜ்யம் என்று நினைத்துக்கொள்ளும்.

மோட்டார் ஓட முயன்று உறுமிக்கொண்டே உதறினால் கதை வேறு. மோட்டாருக்குப் போகும் மூன்று தடித்த வயர்களில் ஒன்று தொடர்பில்லாமல் இருக்கலாம், அல்லது உள்ளே காந்தத்தின் நிலையைச் சொல்லும் ஹால் சென்சார் தகராறு. ஹப் மோட்டாரின் பிளக்கில் ஒரு கோடு இருக்கும். அந்தக் கோடு வரை பிளக் உள்ளே போயிருக்க வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் வெளியே நின்றால்கூட உதறல் வரும். டிஸ்ப்ளேயில் வரும் பிழை எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வண்டியோடு வந்த புத்தகத்தைத் தூக்கிப் போடாதவர்கள் பிழைத்தார்கள்.

பாலம் ஏறும்போது மட்டும்

'சமதளத்தில் நன்றாக ஓடுகிறது, பாலம் ஏறினால் அணைந்துவிடுகிறது' என்பது எங்கள் பக்கம் அடிக்கடி கேட்கிற புகார். மேம்பாலங்கள்தானே எங்களுக்கு மலை. மறுபடி மாடி டேங்குக்கு வாருங்கள். ஒரு குழாய் திறந்திருக்கும்போது தண்ணீர் நன்றாக வருகிறது, மூன்றாவது குழாயைத் திறந்ததும் நூலாகிவிடுகிறது. டேங்கில் தண்ணீர் இல்லையா? இருக்கிறது. வழியில் அடைப்பு.

36 வோல்ட் பேட்டரி என்றால் உள்ளே பத்து வரிசை செல்கள். ஒவ்வொன்றும் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட், ஆக மொத்தம் 42. தீரும்போது 30 பக்கம் வந்ததும் பி.எம்.எஸ். கதவைச் சாத்திவிடும். 48 வோல்ட் பேட்டரியில் பதின்மூன்று வரிசை, முழுச் சார்ஜில் 54.6. டிஸ்ப்ளேயில் வோல்ட் காட்டும் வசதி இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு ஏறுங்கள். நிற்கும்போது 38 காட்டிய வண்டி, ஏறும்போது ஒரு வோல்ட் இரண்டு வோல்ட் குறைவது இயல்பு. அதுவே தடாலென்று 31-க்கு விழுந்து, நிறுத்தியதும் மீண்டும் 38-க்கு வந்தால் வழியில் அடைப்பு என்று பொருள். ஒன்று பேட்டரிக்கு வயதாகிவிட்டது அல்லது ஒரு வரிசை செல் நலிந்துவிட்டது. இல்லையென்றால் ஏதோ ஒரு பிளக் தளர்ந்திருக்கிறது. பிளக்கைக் கண்டுபிடிப்பது எளிது. ஏறி இறங்கியதும் வண்டியை ஓரங்கட்டி, கரண்ட்டை அணைத்துவிட்டு, தடித்த வயர்களின் இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். மற்றவை சில்லென்று இருக்க ஒன்று மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால், உங்கள் கரண்ட் அங்கேதான் சூடாகி வீணாகிறது.

'இவ்வளவுதான் ஓடுமா?' என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். 36 வோல்ட், 10 ஆம்பியர்-அவர் பேட்டரியில் இரண்டையும் பெருக்கினால் 360 வாட்-அவர், அதுதான் டேங்கின் கொள்ளளவு. நான் நடுத்தர உதவியில் கிலோமீட்டருக்கு 12 வாட்-அவர் போலச் செலவழிக்கிறேன், ஆக 30 கிலோமீட்டர். வாடைக்காற்று வீசும் ஐப்பசி, கார்த்திகையில் வடக்கே போகும்போது இது கண்ணெதிரே குறையும். டயரில் காற்று குறைந்தாலும் அப்படியே.

செம்பில் களிம்பு

செம்பில் களிம்பு உடன்பிறந்தது என்பார்கள் சைவ சித்தாந்திகள். உயிரை ஒட்டிய ஆணவத்துக்குச் சொன்ன உவமை அது. திருவொற்றியூர்க்காரர்கள் அதை வண்டியின் பிளக்கைக் கழற்றி நேரிலேயே பார்க்கலாம். எண்ணூர் விரைவுச் சாலையில் அலை அடித்துத் தெறிக்கும் நாள்களில் கைப்பிடியை நக்கினால் கரிக்கும். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், உப்பு ஈரத்தில் கரண்ட் சுலபமாக ஓடும். ஆகவே மழையே பெய்யாவிட்டாலும் பிளக்குக்குள் மெல்லிய ஈரப்படலம் நின்று, செம்பு முள்ளைப் பச்சையாக அரித்துவிடும். மழைக்காலத்தில் மட்டும் வண்டி படுத்துகிறது, வெயில் வந்ததும் தானாகச் சரியாகிறது என்றால் பெரும்பாலும் இந்தக் களிம்புதான் காரணம்.

சுத்தம் செய்வது பெரிய வித்தையில்லை. பேட்டரியைக் கழற்றி எடுங்கள். டிஸ்ப்ளே பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச கரண்ட்டை வடியவிடுங்கள். பிளக்கை முறுக்காமல் நேராக இழுங்கள், முறுக்கினால் உள்ளே இருக்கும் ஊசி முள் வளைந்துவிடும். ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் என்று கேட்டால் பாட்டிலில் கிடைக்கும். பழைய டூத் பிரஷ்ஷில் அதைத் தொட்டுத் தேய்த்து, நன்றாக உலரவிட்டு, சிலிகான் கிரீஸை ஒரு பட்டாணியில் பாதியளவு ரப்பர் விளிம்பில் தடவி, இரு பக்க அம்புக்குறிகளும் நேராகச் சேரும்படி அழுத்துங்கள். அதன் மேல் டேப்பை உருண்டையாகச் சுற்றுகிறார்கள் பலர். வேண்டாம். தண்ணீர் எப்படியும் உள்ளே போகும், டேப் அதை வெளியே விடாது. அதற்குப் பதிலாக, வயர் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கிவிட்டு அப்புறம் மேலேறி உள்ளே போகும்படி கட்டிவிடுங்கள். மழைத்தண்ணீர் வயர் வழியே ஓடிவந்து அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும்.

வண்டியைக் கழுவ வாளியும் துணியும் போதும். வாட்டர் சர்வீஸ் கடையின் பிரஷர் கன் வேண்டவே வேண்டாம். பல வண்டிகளில் ஐ.பி.எக்ஸ்.4 என்று போட்டிருப்பார்கள். தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும் என்பதுதான் அதன் பொருள், பீய்ச்சுவதைத் தாங்கும் என்பதல்ல. இன்னொன்று, கடலோரத் தெருக்களில் பல வீட்டு போர்வெல் தண்ணீரே உப்பு. அதில் கழுவினால் உப்பை உப்பால் துடைத்த கதை. மெட்ரோ வாட்டரில் ஒரு வாளி இந்த வண்டிக்கென்று ஒதுக்குங்கள்.

சைக்கிள் பாதி

கரண்ட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் இது சைக்கிள் என்பதே மறந்துவிடும். அனல் மின் நிலையச் சாம்பல், துறைமுகத் தூசி, உப்பு எல்லாம் எண்ணெயோடு கலந்து செயினில் அம்மியில் அரைத்த சாந்து மாதிரி ஆகிவிடும். பனியன் வேஸ்ட்டால் துடைத்துவிட்டு, ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு சொட்டு செயின் எண்ணெய் விட்டு, மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், தூசியைக் கூப்பிட்டு உட்காரவைக்கும். பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றை வைத்து அளந்து பாருங்கள். புதுச் செயினில் ஓர் ஆணியை விட்டுவிட்டு அடுத்ததிலிருந்து எண்ணினால், அந்த ஆணியிலிருந்து இருபத்துநான்காவது ஆணி வரை சரியாக 12 அங்குலம். அது 1/16 அங்குலம் நீண்டுவிட்டால் செயினை மாற்றுங்கள். 1/8 ஆகும்வரை ஓட்டினால் பின்னால் இருக்கும் பல்சக்கரத்தையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும்.

கனமான வண்டி என்பதால் டிஸ்க் பிரேக் கட்டை சீக்கிரம் தேயும். ஒரு மில்லிமீட்டர் மிச்சம் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். டிஸ்க் தட்டில் எண்ணெய்க் கை படக்கூடாது. பட்டால் கத்தும், பிடிக்காது.

ஹப் மோட்டார் சக்கரத்தின் கம்பிகள் மற்ற சைக்கிளைவிடச் சீக்கிரம் தளரும். விரலால் ஒவ்வொன்றாகச் சுண்டிப் பாருங்கள். கானா பாட ஆரம்பிக்கும் முன் சட்டியைத் தட்டிச் சத்தம் பார்ப்பார்களே, அப்படி. 'டிங்' வரிசையில் ஒன்று மட்டும் 'டொப்' என்றால் கோட்டம் எடுக்கக் கொடுக்கும் நேரம் வந்துவிட்டது. மோட்டார் அச்சின் இரண்டு நட்டுகளையும் ஸ்பானர் போட்டுப் பாருங்கள். அவை தளர்ந்தால் சக்கரத்துக்குப் பதில் அச்சே சுழன்று, உள்ளே போகும் வயரைப் பிய்த்துவிடும்.

பின்சக்கரம் பங்க்சர் ஆனால் மோட்டாரைப் பார்த்ததும் பங்க்சர் கடைக்காரர் பின்வாங்குவார். சக்கரத்தைக் கழற்ற வேண்டாம், ஒரு பக்க டயரை மட்டும் நெம்பி டியூபை வெளியே இழுத்து ஒட்டுங்கள் அண்ணா என்று நீங்களே சொல்லுங்கள். கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் பிளக்கை எடுங்கள். வாஷர்கள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று போனில் ஒரு படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

பேட்டரியை எங்கே வைப்பது

வெயிலில் ஓட்டிவந்த கையோடு சார்ஜ் போடாதீர்கள். அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சித்திரையில் தகரக் கொட்டகைக்குக் கீழே நாள் முழுக்க நிறுத்துவதைப் போல பேட்டரியின் ஆயுளைத் தின்பது வேறில்லை. ஒரு மாதம் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் முழுதாகவும் இல்லாமல் காலியாகவும் இல்லாமல், பாதிச் சார்ஜில் நிழலான இடத்தில் வைத்துவிட்டுப் போங்கள். 36 வோல்ட் பேட்டரியின் சார்ஜரில் 42 வோல்ட் என்று போட்டிருக்க வேண்டும். சொருகும் முனை ஒரே மாதிரி இருக்கிறது என்று பக்கத்து வீட்டு 54.6 வோல்ட் சார்ஜரைச் சொருகிவிடாதீர்கள்.

பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கத்து வீடுகளில் மேலே போக ஒரே படிக்கட்டுதான் இருக்கும். வண்டி நிற்பதும் அதன் அடியில்தான், பிளக் பாயின்ட்டும் அங்கேதான். வசதி என்று அங்கேயே ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குகிறார்கள். லித்தியம் பேட்டரியில் தீப்பிடிப்பது அபூர்வம், ஆனால் பிடித்தால் மேலே இருப்பவர்கள் இறங்க அந்த ஒரு வழிதான். பேட்டரியைக் கழற்றிக் கொண்டுபோய், வாசலையும் படியையும் மறிக்காத இடத்தில், விழித்திருக்கும் நேரத்தில் போடுங்கள்.

மழையில் கணேசபுரம் சுரங்கப்பாதை மாதிரித் தண்ணீர் நிற்கும் இடத்தில் சக்கரத்தின் நடு அச்சுக்கு மேல் தண்ணீர் இருந்தால் இறங்காதீர்கள், சுற்றிக்கொண்டு போங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது போல வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வந்து பேட்டரி மூழ்கிவிட்டால், காய்ந்ததும் வேலை செய்கிறதா என்று சார்ஜ் போட்டுப் பார்க்கவே கூடாது. வெள்ளம் வடிந்த பிறகும் உப்பும் சேறும் உள்ளேதான் இருக்கும், நாள் கழித்துக்கூட உள்ளே ஷார்ட் ஆகும். திறந்து பார்க்கவும் வேண்டாம். வீட்டுக்கு வெளியே, வாசலையும் படியையும் விட்டுத் தள்ளி, வெயிலும் மழையும் படாத ஓர் ஓரத்தில், துணி, பிளாஸ்டிக் எதுவும் அருகில் இல்லாமல் சிமென்ட் தரையில் தனியாக வைத்துவிட்டு, வண்டி வாங்கிய கம்பெனியின் சர்வீஸ் ஆளுக்கு போன் செய்யுங்கள். அவர் வந்து எடுத்துப்போகும் வரை அது அங்கேயே கிடக்கட்டும்.